சுராங்கனியின் நீண்ட ஆயுள்: ஒரு பொப் பாட்டு நிலைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள்

ஒரு பாட்டு தான் பிறந்த காலத்தைத் தாண்டி ஏன் நிலைக்கிறது? இந்தக் கேள்விக்கு இலங்கைத் தமிழரிடையே அரை நூற்றாண்டாகப் பல பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றை உரசிப் பார்க்க, ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யை விடப் பொருத்தமான பாட்டைக் காண்பது அரிது. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டு வந்ததைச் சொல்லும் இந்தப் பாட்டில் பெரிய கதை கிடையாது, கவிநயமும் அதிகம் இல்லை. சிங்களமும் தமிழும் கலந்த, யாரும் கைதட்டிக்கொண்டே சேர்ந்து பாடக்கூடிய ஒரு பைலா. 1970களில் மேடைகளைப் பிடித்த அது, மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமான பிறகும் ஓயவில்லை. கொழும்புக் கல்யாண வீடுகளிலும் புலம்பெயர்ந்தோரின் கொண்டாட்ட மண்டபங்களிலும் தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகளிலும் அது இன்னும் கேட்கிறது. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியா பார்க்க நானுஓயாவில் வந்து இறங்கும் கூட்டம் கோச்சிப் பெட்டிக்குள் தாளம் தட்டிப் பாடிவரும் பைலாக்களிலும் அதற்கு இடமுண்டு.

இதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான விளக்கங்களையும் அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது. இந்த விளக்கங்கள் பெரும்பாலும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் மனதில் வைத்து எழுந்தவை. மலையகத்தில் இருந்து பார்க்கும்போது இவற்றில் சில வலுப்பெறுகின்றன, சில ஆட்டம் காண்கின்றன.

யார் செய்த பாட்டு?

பாட்டின் ஆயுள் அதைச் செய்தவரின் திறமையில் இருக்கிறது என்பதுதான் மிகப் பழைய பதில். இலங்கைத் தமிழ்ப் பொப் பற்றிய எழுத்துகள் அநேகமாக இங்கிருந்தே தொடங்குகின்றன. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராக இருந்த நாட்களில், 1960களின் இறுதியில், ‘சின்ன மாமியே’ பாட்டைக் கட்டினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. மாணவர் விடுதியில் பிறந்து ஒன்றுகூடல்களில் பாடப்பட்டு, பின்பு மேடைக்கும் வானொலிக்கும் போன பாட்டு அது. அவர் தமிழ்ப் பொப்பின் முன்னோடி என்று அழைக்கப்படுவதற்கு அதுவே முதற் காரணம். இங்கே ஆக்கியவர் தெளிவாகத் தெரிகிறார். ஆகவே திறமை வாதம் எடுபடுகிறது.

‘சுராங்கனி’க்கு இந்த வாதம் அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. அது மனோகரனின் சொந்தப் படைப்பு என்பது ஒரு சாராரின் கருத்து. சுற்றுலாக்களிலும் விருந்துகளிலும் சிங்களத்தில் ஏற்கெனவே புழங்கிய ஒரு பயணப் பாட்டை எடுத்து, தமிழ் அடிகள் சேர்த்து, மேடைக்கு உரியதாக ஆக்கியவர் அவர் என்பது மற்றொரு சாராரின் கருத்து. பைலா மரபின் இயல்பைக் கொண்டு பார்த்தால் இரண்டாவது கருத்துக்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது. அந்த மரபில் மெட்டு பொதுச் சொத்து. அடிகளை அந்தந்த இடத்தில், அந்தந்தக் கூட்டத்துக்கு ஏற்பப் போட்டுக்கொள்வார்கள்.

ஆக்கியவர் யார் என்பதற்கும் பாட்டின் ஆயுளுக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதற்கு மேற்கிலும் சான்று உண்டு. லெட் செப்பலின் குழு 1971இல் வெளியிட்ட ‘ஸ்டெயார்வே டு ஹெவன்’ பாட்டின் தொடக்கக் கிட்டார்ப் பகுதி, ஸ்பிரிட் என்ற குழுவின் பழைய இசையிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2016இல் ஜூரிகள் லெட் செப்பலின் பக்கம் தீர்ப்பளித்தனர். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்தப் பாட்டின் செல்வாக்கு குன்றியதாகத் தெரியவில்லை. கேட்போருக்கு உரிமைப் பத்திரம் பொருட்டாக இருக்கவில்லை.

இதனால் மனோகரனின் பங்கு சிறிதாகிவிடாது. மேடையை ஆளும் உடலசைவு, கூட்டத்தைப் பாடவைக்கும் சாதுரியம், தமிழையும் சிங்களத்தையும் கூச்சமின்றிக் கலக்கும் நாக்கு ஆகிய மூன்றும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்தன. ‘வாடைக்காற்று’ (1978) போன்ற படங்களில் நடித்த அனுபவமும் அவருக்கு இருந்தது. ஆனால் பாடகர் மேடையில் இல்லாத இடங்களிலும், அவர் பெயரே தெரியாதவர்களிடத்திலும் பாட்டு உயிரோடு இருக்கிறதே, அதற்கு இந்த வாதத்தில் பதில் கிடையாது.

கடல் வழி வந்த தாளம்

இரண்டாவது விளக்கம் தாளத்தில் நிற்கிறது. 1505இல் போர்த்துக்கேயர் வந்த பின் அவர்களோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இறங்கிய ஆட்டப்பாட்டு, மட்டக்களப்புப் பறங்கியரிடமும் புத்தளம் பகுதிக் காப்பிரி மக்களிடமும் தங்கி, கரையோரச் சிங்களரிடம் பரவியது. 1940களில் வொலி பஸ்தியன் அதைச் சிங்களப் பாட்டு உலகுக்குக் கொண்டுவந்தார். அதன் பின் எம். எஸ். பெர்னாண்டோ போன்றோர் அதை மேலும் வளர்த்தனர். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் மின்கிட்டாரோடு புறப்பட்டபோது, கிட்டார் பிடித்த இளைஞன் உள்ளூர் மொழியிலேயே பாடலாம் என்ற துணிவு நாடெங்கும் வந்தது. தமிழ்ப் பொப் இந்த அலையின் உள்ளேயே எழுந்தது.

பைலாவின் ஆறு தட்டுத் துள்ளல் தமிழ்க் காதுக்குப் புதிதாகப் படவில்லை, நம் கும்மியிலும் தெம்மாங்கிலும் வரும் திஸ்ர நடைக்கு அது அண்டை வீடு என்பது இசை தெரிந்தவர்களின் வாதம். மலையகத்தில் இதற்குக் கூடுதல் வலு உண்டு. தப்பு அடி கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. மாசி, பங்குனியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் தப்பின் அடி மாறும்போது ஆட்டம் மாறுவதைப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தக் காதுக்குப் பைலாத் தாளம் உடனே வசப்பட்டிருக்கும் என்பது நம்பக்கூடியதே.

இந்த வாதத்தின் குறை வெளிப்படையானது. அதே தாளத்தில் அமைந்த எத்தனையோ பாட்டுகள் அடையாளமின்றி மறைந்தன. ஒரு பாட்டு ஏன் எளிதில் தொற்றுகிறது என்பதைத் தாளம் விளக்கும். தொற்றிய பின் ஐம்பது ஆண்டு ஏன் தங்குகிறது என்பதை விளக்காது.

வானொலி, இறக்குமதித் தடை, ஒலிநாடா

மூன்றாவது விளக்கம் ஊடகத்தையும் அரசின் கொள்கையையும் முன்னிறுத்துகிறது. இதில் திட்டமான செய்திகள் அதிகம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம் முதல் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது வரையான அறிவிப்பாளர்களின் குரல் பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டின் உட்கிராமங்கள் வரை சென்றது. இந்தியச் சினிமாப் பாட்டைத் தமிழ்நாட்டாரே கொழும்பிலிருந்து கேட்ட காலம் அது. அந்த அலைவரிசையில் இடம்பெற்ற உள்ளூர்ப் பாட்டுக்கு இரண்டு நாட்டுக் காதுகள் ஒரே நேரத்தில் கிடைத்தன.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. வீரகேசரி வெளியிட்ட நாவல்கள், உள்ளூர்த் தமிழ்த் திரைப்படங்கள், மெல்லிசைப் பாடல்கள் என்று அந்தத் தசாப்தத்தில் உள்ளூர்ப் படைப்புகள் பெருகியதற்கு இதையே பலர் காரணமாகக் காட்டுகிறார்கள். பொப் பாட்டும் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது என்பது அவர்கள் வாதம். அதே வேளையில் எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் முன்னெடுத்த மெல்லிசை இயக்கம் வானொலியின் மதிப்பைப் பெற்றிருந்தது. பொப்பைச் சிலர் கீழ்த்தரம் என்று ஒதுக்கினார்கள். மதிப்புப் பெற்ற பாட்டுகளில் பல இன்று இசை ஆர்வலரின் சேகரிப்பில் இருக்கின்றன. ஒதுக்கப்பட்ட பாட்டு தெருவில் இருக்கிறது. தரம் பற்றிய தீர்ப்பும் ஆயுளும் வேறு வேறு வழியில் போனதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

1977 முக்கியமான ஆண்டு. ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா ‘சுராங்கனி’யின் மெட்டைக் கொண்டுவந்தார். மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழ்நாட்டில் அது சினிமாப் பாட்டாகவே பதிந்தது. அதே ஆண்டு ஆட்சி மாறி, இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்தது. கசெட்டும் டேப் ரெக்கோர்டரும் குவிந்தன. தடைதான் பொப்பைத் தாங்கியது என்றால், தடை நீங்கிய பின் இந்தப் பாட்டு சரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஆகவே இறக்குமதித் தடை பிறப்பை விளக்கலாம், நீடிப்பை விளக்காது. சினிமாவும் கசெட்டும் நீடிப்புக்கு உதவின என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்போர் இன்று குறைவு, பாட்டை அறிந்தோர் ஏராளம். தன்னைச் சுமந்து சென்ற வண்டியை விட்டிறங்கிப் பாட்டு தனியே நடந்துவிட்டது.

இரு மொழிப் பாட்டும் ஒற்றுமை வாதமும்

சிங்களமும் தமிழும் சேர்ந்த பாட்டு என்பதால் இரு இனத்தவரும் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள், ஒற்றுமைக்கான ஏக்கமே அதை வாழவைக்கிறது என்பது நான்காவது விளக்கம். மனோகரன் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் இந்தத் தொனி மேலோங்கியிருந்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த வாதம்தான். ஆனால் காலவரிசை அதற்கு ஒத்துழைக்கவில்லை. பாட்டு உச்சத்தில் இருந்தபோதே 1977 ஓகஸ்ட் வன்செயல் நடந்தது. அதன் பின் 1981, பின்பு 1983 ஜூலை. மலைநாட்டு நகரங்களும் தோட்டங்களும் இந்த மூன்று முறையும் அடிபட்டன.

பாட்டுக்கு இருந்த செல்வாக்கை வைத்து மக்களிடம் இருந்த உறவை அளப்பது தவறு. மலையகத்தில் இருமொழி என்பது கொண்டாட்ட அடையாளம் கிடையாது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் போகிறவர் சிங்களம் பேசித்தான் ஆக வேண்டும். தேவைக்காகக் கற்ற மொழி ஒரு பாட்டில் விளையாட்டாக வரும்போது கிடைக்கும் ஆறுதல் வேறு வகையானது. ஒற்றுமை வாதம் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

பசித்த தசாப்தத்தின் பாட்டு

மலையகத்துக்கு 1970கள் எப்படிப்பட்டவை என்பதை வைத்துப் பார்க்கும்போதுதான் கேள்வி கனக்கிறது. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி 1974இல் பாதிப் பாதியாக முடிவானது. அந்தப் பத்தாண்டில் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் போன்ற நிலையங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். 1973, 1974இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். ‘அவர் எனக்கே சொந்தம்’ வெளியானதும் அதே ஆண்டுதான்.

துயரத்தை மறக்கவே இப்படிப்பட்ட பாட்டுகளை மக்கள் பற்றிக்கொண்டார்கள் என்று இடதுசாரி விமர்சன மரபில் வந்தவர்கள் சொல்வதுண்டு. தியோடர் அடோர்னோ 1941இல் எழுதிய வெகுசன இசை பற்றிய கட்டுரையின் சாயல் இதில் உண்டு. ஒரே அச்சில் வார்த்த பாட்டு, கேட்பவனை அவன் நிலையோடு சமாதானம் செய்துவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மலையகப் பாட்டு வரலாறு இதற்கு முழுச் சம்மதம் தருவதில்லை. 1930களிலும் 1940களிலும் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதிக் கூட்டங்களில் பாடினார். மக்களுக்கு முன்பே பழக்கமான மெட்டுகளில்தான் அந்தப் பாட்டுகள் அமைந்தன. ஆட்டத்துக்கு உரிய மெட்டே அரசியலுக்கும் ஆயுதமானது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த தோட்டத்து மக்கள் பாடல்களிலும் கேலியும் காதலும் கங்காணி மீதான வசையும் ஒப்பாரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கொழுந்து மலையில் ஒரே நிரையில் நிற்கும் பெண்கள் ஒரே காலையில் இரண்டையும் பாடுவார்கள். சிரிப்புப் பாட்டு என்றாலே மறதிப் பாட்டு என்று தீர்ப்பது, அந்த மக்களின் மனதை மிகவும் சுருக்கிப் பார்ப்பதாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலுப்பிள்ளை திரட்டிய பாட்டுகளுக்கு வானொலியோ இசைத்தட்டோ சினிமாவோ கிடையாது. அவையும் பல தலைமுறை நிலைத்தன, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்த மெட்டுகளில் மலைநாட்டுப் பெயர்களும் வேலையும் புகுந்து. மூலத்தோடு ஒட்டாமல், பாடுகிறவர் தம் அடியைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்ததே அவற்றின் பலம். ‘சுராங்கனி’யின் அமைப்பும் அதுவே. பல்லவி மாறாது. நடுவில் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். பள்ளிக்கூடச் சுற்றுலாப் பேருந்தில் ஆசிரியரின் பெயர் நுழைகிறது, கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயர் நுழைகிறது. பொப்பையும் நாட்டார் பாட்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்த ஆய்வு மரபு இந்த ஒற்றுமையைத் தவறவிட்டது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

கூட்டத்தின் காது

அண்மைக் காலத்தில் வேறொரு திசையிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன் மீது விருப்பத்தை வளர்க்கும் என்று உளவியலாளர் ராபர்ட் சாயன்ஸ் 1968இல் காட்டினார். 2006இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால்கனிக், டொட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். யாரும் கேட்டிராத 48 பாட்டுகளை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குழுக்களுக்குக் கொடுத்தனர். மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்று தெரிந்த குழுக்களில் வெற்றி பெற்ற பாட்டுகள் குழுவுக்குக் குழு மாறின. மிக நல்லவை பெரும்பாலும் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்பதே முடிவு.

இதன்படி பார்த்தால், இன்னொரு இலங்கையில் வேறொரு பைலா ‘சுராங்கனி’யின் இடத்தைப் பிடித்திருக்கக்கூடும். தற்செயலுக்கு உள்ள இடத்தை ஒப்புக்கொள்வதால் இந்த விளக்கம் நேர்மையானது. ஆனால் சில வாரங்களில் முடிந்த சோதனை ஒன்று, தலைமுறைகள் தாண்டிய நீடிப்பைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும் என்பது ஐயமே. 2021இல் யொஹானி பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ இணையம் வழியே சில வாரங்களில் இந்தியா முழுவதும் பரவியது. பரவிய வேகத்தில் ‘சுராங்கனி’ அதன் பக்கத்தில் வர முடியாது. அது ஐம்பது ஆண்டு நிற்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது.

எஞ்சி நிற்பவை

மேற்கண்ட விளக்கங்களில் எதுவும் தனித்து நிற்கவில்லை. பாடியவரின் திறமையும் தாளத்தின் பழக்கமும் பாட்டைத் தொடக்கிவைத்தன எனலாம். வானொலியும் சினிமாவும் கசெட்டும் அதைப் பரப்பின. நீடிப்பைப் பொறுத்தவரை, யாரும் தம் அடியைச் சேர்க்கலாம் என்ற திறந்த அமைப்பே இருப்பவற்றுள் வலுவான விளக்கமாகப் படுகிறது. அதுவும் இன்னும் நிறுவப்பட வேண்டியதே. அதே அமைப்புள்ள பிற பைலாக்கள் ஏன் இந்த அளவுக்கு எட்டவில்லை என்பதற்கு அது பதில் தரவில்லை. பாட்டின் மூலம் பற்றிய விவாதமும் முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி கேட்டவர்களைப் பற்றியது. 1970களில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களின் ஒலிபெருக்கிகளில், லயத்து ட்ரான்சிஸ்டர்களில் எந்தப் பாட்டுகள் ஒலித்தன, பெயர்ந்து போனவர்கள் எவற்றை மண்டபத்துக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொண்டு சென்றார்கள், தோட்டத்து இசைக்குழுக்கள் ‘சுராங்கனி’க்கு என்னென்ன அடிகள் சேர்த்தன என்பவற்றை அறிய அந்த மக்களிடமே கேட்க வேண்டும். பாடகர்களின் நேர்காணல்களை வைத்து மட்டும் இந்த வரலாற்றை எழுத முடியாது. அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். பேராதனை முதலான பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறை மாணவர்களும், வாய்மொழி வரலாறுகளைத் திரட்டிவரும் நூலக நிறுவனம் போன்ற அமைப்புகளும், மலையகப் பாடசாலை ஆசிரியர்களும் இந்தப் பதிவை இப்போதே தொடங்க வேண்டும்.